தேமல் என்று விட்டுவிடாதீர்கள்

(கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற சுகாதார உரிமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோலில் ஏதாவது வந்தால் எந்த கிளினிக்குக்குப் போவது என்று சொன்னால் போதும், பத்து நிமிடம் பேசுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியவன். பேசுவதற்கு எனக்கு இருக்கும் ஒரே தகுதி இந்த இடது கைதான். பாருங்கள், சுண்டு விரலும் மோதிர விரலும் நிமிராது. லாரிக் கதவில் மாட்டிக்கொண்டது என்று பல வருடம் சொல்லி வந்தேன். அது பொய்.

2003-இல் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு வெளிறிய திட்டு வந்தது. 50 சென் காசு அளவுதான் இருக்கும். அரிப்பு இல்லை, வலி இல்லை. தேமல் என்றாள் அம்மா. ஒரு தனியார் கிளினிக்கில் படை என்று களிம்பு கொடுத்தார்கள். ஆறு மாதம் தடவினேன். இன்னொரு இடத்தில் வேறு களிம்பு. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஒருநாள் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் கை பட்டது. தோல் வெந்து போனது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்தவன்தான் கத்தினான்.

அதன் பிறகுதான் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஓர் இளம் உதவி மருத்துவ அதிகாரி. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுத் தொட்டு, "தொடும்போது சொல்லுங்கள்" என்றார். நான் சும்மா இருந்தேன். கண்ணைத் திறந்தால் பஞ்சு அந்தத் திட்டின் மேலேயே இருக்கிறது. இரண்டு வருடம் யாரும் செய்யாத சோதனை அது. ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு நிமிடம், அவ்வளவுதான்.

நோயின் பெயர் தொழுநோய். நம் வீடுகளில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "பெருவியாதி" என்பார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. மலாயாவில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தார்கள். 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. ஐந்நூறு ஏக்கருக்கும் மேல். உள்ளே பள்ளிக்கூடம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் உண்டு, சிறைச்சாலையும் உண்டு. அங்கே மட்டும் செல்லும் தனிப் பண நோட்டுகூட இருந்தது. பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள். தோட்டத்து லயத்திலிருந்து ஒருவரைக் கொண்டுபோனால் திரும்பி வருவார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். நம்முடைய பாட்டன்மாரும் அங்கே இருந்தார்கள், சீனர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் மருந்து என்றால் நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான். பிறகு டாப்சோன் வந்தது. அந்த ஒரே மருந்துக்குக் கிருமி அடங்காமல் போக முடியும் என்பது 1964-இல் சுங்கை பூலோ நோயாளிகளிடம்தான் முதன்முதலாக நிரூபிக்கப்பட்டது. அதனால்தான் இன்று உலகம் முழுவதும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மலேசியாவில் 1985-இலிருந்து அந்தக் கூட்டு மருந்து சிகிச்சை நடக்கிறது. என்னைக் குணப்படுத்திய மாத்திரைக்குப் பின்னால் அந்த மனிதர்களின் உடம்பு இருக்கிறது. 2007-இல் அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியை இடித்தார்கள். மீதியை 2019-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூச்செடி வாங்க அங்கே போகிறார்கள். அந்த நாற்றுப் பண்ணைகளைத் தொடங்கியவர்கள் யார் என்று பலருக்குத் தெரியாது.

எனக்கு பன்னிரண்டு மாதம் மாத்திரை. நோய் கொஞ்சமாக இருந்தால் ஆறு மாதம். யாரும் என்னை எங்கேயும் அடைத்து வைக்கவில்லை. மருந்து தொடங்கிவிட்டால் மற்றவருக்குத் தொற்றுவது சீக்கிரமே நின்றுவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைகளில் ஒன்று தோலைக் கறுக்கச் செய்யும். பந்தியில் சொந்தக்காரர்கள் கேட்டபோது வெயில் என்றேன். நோய் போய்விட்டது, விரல் மட்டும் வரவில்லை. நரம்பு கெட்ட பிறகு மருந்து அதைத் திருப்பித் தராது. அந்த இரண்டு வருடத்துக்கு விலை இந்த இரண்டு விரல்.

சரி, எங்கே போவது? முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குத் தங்லின் கிளினிக், கிள்ளானில் அனிக்கா. குடிமக்களுக்கு 1 வெள்ளி. அங்கே டாக்டரிடம் திட்டு எப்போது வந்தது, வளர்ந்ததா, உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவருக்குச் சந்தேகம் வந்தால் 'சூராட் ருஜுக்கான்' எழுதித் தருவார். அந்தக் கடிதத்தோடு கோலாலம்பூர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ போகலாம். கடிதம் இல்லாமல் நேரே போய் நின்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேதி தூரத்தில் கொடுத்தால், "இது சீக்கிரம் வளர்கிறது" என்று சொல்லி முன்கூட்டிய தேதி கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மலாய் தடுமாறினால் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள்.

எல்லாத் திட்டும் தொழுநோய் அல்ல, பயந்துவிடாதீர்கள். தோழர்களே, நம் ஆட்களுக்குச் சர்க்கரை அதிகம். காலில் வலியில்லாத புண் என்றால் அது சர்க்கரையாகவும் இருக்கலாம். அதுவும் தள்ளிப்போடக் கூடியதல்ல, கால் போய்விடும். இன்னொன்று, கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று நினைக்கிறோம். குறைவுதான், ஆனால் வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருகிறது. பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது கால் விரல் நகத்துக்கு அடியில் தொடங்கிய அந்தப் புற்றுநோயால்தான். பந்து பட்ட காயம் என்று முதலில் நினைத்தார்களாம். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போனால், உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி பரவினால், ஆறாத புண்ணில் ரத்தம் கசிந்தால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

தனியார் கிளினிக்குக்குப் போகிறவர்கள் சுவரைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த கிளினிக் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். "ஸ்கின் சென்டர்" என்று பலகை வைத்தவர்கள் எல்லாரும் தோல் நிபுணர்கள் அல்லர். நிபுணரா என்பதை தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரைத் தேடித் தெரிந்துகொள்ளலாம். மச்சத்தை லேசரில் எரிக்கிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் அது என்ன என்று சோதித்தீர்களா என்று கேளுங்கள். எரித்த பிறகு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. கடைகளில் கிடைக்கும் வெள்ளையாக்கும் களிம்பு பற்றி ஒரு வார்த்தை: 'நாட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்தவை பல முறை பிடிபட்டிருக்கின்றன.

கடைசியாக, இந்தக் கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி. நம்மில் பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த 1 வெள்ளி கிடையாது, வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள். பணத்தைவிடப் பயம் பெரிது. முகப்பில் அட்டை கேட்டால் என்ன செய்வது என்று வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். தொற்றுநோய் அட்டை பார்த்துத் தொற்றுவதில்லை. இவர்களுக்கும் குடிமக்கள் கட்டணத்திலேயே சிகிச்சை வேண்டும் என்பது நம் இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக எழுதப்பட வேண்டும் என்று நான் இங்கே முன்மொழிகிறேன். செயற்குழு பதில் சொல்லட்டும். அதுவரை, அப்படி ஒருவர் உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தால் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்று தேதியோடு எழுதி வாருங்கள். கோரிக்கைக்கு அது வேண்டும்.

தேநீர் இடைவேளையில் நான் பின்வரிசையில் இருப்பேன். யாருக்காவது காட்ட வேண்டியது இருந்தால் வெட்கப்படாமல் வாருங்கள். அது என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. எந்த கிளினிக், எந்த பஸ், எத்தனை மணிக்குப் போனால் எண் கிடைக்கும் என்பது தெரியும். நாளைக் காலை எனக்கு வேலை இல்லை, கூடவும் வருவேன்.