பிறப்பா, வளர்ப்பா? சேப்பல் ஹில் குழந்தைக் காப்பகம் தரும் விடை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழா என்றால் பள்ளிகளைப் பற்றியும், விடுதிகளைப் பற்றியும், உதவித்தொகையைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் நம் குழந்தை பள்ளி வாயிலை மிதிக்கும்போது அதன் வாழ்வில் ஐந்து ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அந்த ஐந்து ஆண்டுகளில் அக்குழந்தையை ஏந்தியவர் யார்? அதனோடு பேசியவர் யார்? அது உண்டது என்ன? இவ்வினாக்களை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. ஆகவே இன்று, ஒரு பல்கலைக்கழகம் நடத்திய குழந்தைக் காப்பகத்தின் கொள்கையையும் நடைமுறையையும் எடுத்துக்கொண்டு சிந்திக்க விழைகிறோம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் வட கரோலினா மாநிலம் உள்ளது. அதன் பல்கலைக்கழகம் சேப்பல் ஹில் என்னும் ஊரில் 1795இல் மாணவர்க்குத் திறக்கப்பட்டது. ஆயினும் இளங்கலை வகுப்பில் கருப்பின மாணவர் காலடி வைக்க 1955ஆம் ஆண்டுவரை, அதாவது 160 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நீதிமன்றத்தின் துணையோடுதான் நடந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கருப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் வீடுகளில் சமைத்தார்கள், துணி வெளுத்தார்கள், அவ்வீட்டுக் குழந்தைகளை இடுப்பில் சுமந்து வளர்த்தார்கள். அவர்கள் பெற்ற குழந்தைகளோ பாட்டியிடமும், தாமே குழந்தையாயிருந்த மூத்த அக்காளிடமும் விடப்பட்டன. இது எத்தகைய வாழ்வு என்பதை நம் தாய்மார்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அப்பல்கலைக்கழகத்தில் 1966இல் ஒரு குழந்தை வளர்ச்சி ஆய்வு மையம் தோன்றியது. அதற்கு முன்னாள் பல்கலைக்கழகத் தலைவர் பிராங்க் போர்ட்டர் கிரகாமின் பெயர் சூட்டப்பட்டது. காஷ்மீர்ச் சிக்கலில் ஐக்கிய நாடுகள் அவையின் பிரதிநிதியாக 1951இல் நியமிக்கப்பட்டவர் என்ற முறையில் இந்தியர் பலர் அறிந்த பெயர் அது. இம்மையம் 1972இல் தொடங்கிய காப்பகத் திட்டமே ‘அபிசிடேரியன்’ திட்டம். அரிச்சுவடி பயில்வோர் என்பது அச்சொல்லின் பொருள்.

அன்றைய சூழ்நிலையை நினைவிற் கொள்ள வேண்டும். 1969இல் ஆர்தர் ஜென்சன் என்னும் கல்வி உளவியலார், ஏழைக் குழந்தைகளுக்கான ஈடுசெய் கல்வி தோற்றுவிட்டதென்றும், வெள்ளையர்க்கும் கருப்பினத்தார்க்கும் இடையே அறிவுச் சோதனைகளில் காணும் வேற்றுமைக்கு மரபுவழியும் பெருங்காரணமாக இருக்கலாமென்றும் எழுதினார். 1971 டிசம்பரில், நாடெங்கும் குழந்தைக் காப்பகங்கள் அமைக்க வழிவகுத்த சட்ட முன்வடிவைக் குடியரசுத் தலைவர் நிக்சன் மறுத்துவிட்டார். “அறிவு பிறப்போடு வருவது; பணம் செலவிட்டுப் பயனில்லை” என்னும் குரல் ஓங்கியிருந்த நேரம் அது. அந்தக் குரல் நமக்குப் புதிதன்று. இந்த மண்ணில் பிறப்பின் பெயரால் கல்வி மறுத்தவர்கள் பேசியதும் இதே மொழிதான்.

சேப்பல் ஹில் காப்பகத்தின் அடிப்படைக் கொள்கையை ஒரு வாக்கியத்தில் கூறலாம். பராமரிப்பு வேறு, கல்வி வேறு அன்று. குழந்தையைத் தூக்குவதும், ஊட்டுவதும், துடைப்பதும், உறங்கவைப்பதும் கல்வியே. இக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடாமல் நடைமுறை விதிகளாக உருப்பெற்றது. அவ்விதிகளைக் காண்போம்.

முதலாவது, சேர்க்கும் வயது. பிறந்து சில மாதங்களிலேயே குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். பள்ளி செல்லும் ஐந்து வயதுவரை தொடர்ந்து வந்தனர். இரண்டாவது, நேரம். பகல் முழுதும், வாரத்தில் ஐந்து நாள், ஆண்டில் 50 வாரம் காப்பகம் நடந்தது. தாய் வேலைக்கோ படிப்புக்கோ செல்ல இது வழிசெய்தது. மூன்றாவது, ஆள்பலம். கைக்குழந்தைகள் மூவருக்கு ஒரு பெரியவர். வளர்ந்த பின்னர் அறுவருக்கு ஒருவர். ஒருவர் பத்துக் கைக்குழந்தைகளைக் காவல் காக்கலாம். பத்துப் பேரோடும் பேச இயலாது என்பதை அறிந்து வகுத்த விதி இது. நான்காவது, உணவும் மருத்துவமும். காப்பகத்திலேயே சத்துணவும் மருத்துவக் கவனிப்பும் கிடைத்தன. வீட்டிலிருந்து அழைத்துவர வண்டியும் வந்தது.

ஐந்தாவது, மொழி. இதுவே திட்டத்தின் உயிர்நாடி. ஜோசப் ஸ்பார்லிங், இசபெல் லூயிஸ் என்னும் இருவர் குழந்தைகளுக்கான கற்றல் விளையாட்டுகளைத் தொகுத்தனர். அவை விலையுயர்ந்த பொம்மைகளைக் கொண்டவை அல்ல. ஒரு பொருளை மறைத்துக் காட்டுதல், கண்ணாடியில் முகம் பார்த்துப் பெயர் சொல்லுதல், படத்தைக் காட்டி வினவி விடைக்குக் காத்திருத்தல் போன்றவை. துணி மாற்றும்போது வாய்மூடி மாற்றாமல், குழந்தையின் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே மாற்றவேண்டும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைத் தானும் பார்த்துப் பெயரிட்டுச் சொல்லவேண்டும். குழந்தை எழுப்பும் ஒலியை ஒரு மறுமொழியாக மதிக்கவேண்டும். அவ்வளவுதான் பாடத்திட்டம். நம் தாலாட்டும், நிலாச்சோறும், விடுகதையும் செய்ததும் இதுவே. ஆனால் விடியுமுன் நடவுக்கோ செங்கல் சூளைக்கோ சென்று இருட்டியபின் திரும்பும் தாய்க்கு அதற்கான நேரத்தை யார் விட்டுவைத்தார்கள்?

இனி விளைவுகளைப் பார்ப்போம். 1972க்கும் 1977க்கும் இடையே பிறந்த 111 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். அனைவரும் ஏழைகள், ஏறத்தாழ அனைவரும் கருப்பினத்தவர். குலுக்கல்போன்ற முறையில் 57 பேர் காப்பகத்துக்கும், 54 பேர் ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒதுக்கப்பட்டனர். ஒரே நிறம், ஒரே வறுமை, அதே ஊர். வேறுபட்டது பராமரிப்பு மட்டுமே. ஆகவே பின்னாளில் தோன்றும் வேற்றுமைக்குப் பிறப்பைக் காரணம் காட்ட எவராலும் இயலாது.

21 வயதில், காப்பகத்தில் வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர் நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்திருந்தனர். மற்றவருள் நூற்றுக்கு 14 பேர். 30 வயதில் பட்டம் பெற்றோர் முறையே நூற்றுக்கு 23 பேரும் 6 பேரும் ஆவர். முப்பத்தைந்து வயதையொட்டிச் செய்த உடற்பரிசோதனையில், காப்பகத்தில் வளர்ந்தோர், குறிப்பாக ஆண்கள், குறைந்த இரத்த அழுத்தத்துடன் நலமாயிருந்தனர் என்பது 2014இல் வெளியாயிற்று. இளவயதில் தாயாகிவிட்ட பெண்களும், குழந்தையைக் காப்பகம் ஏற்றுக்கொண்டதால் மேற்கொண்டு படித்து வேலைக்குச் சென்றனர். எல்லாம் மாறிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குற்ற வழக்குகளில் சிக்கிய அளவில் இரு குழுவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. காப்பகத்துக்குள் நடப்பதைக் காப்பகம் மாற்றலாம். தெருவையும் காவல் நிலையத்தையும் அதனால் மாற்ற இயலாது.

இளைஞர்களே, இத்திட்டத்தைப் புகழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. அதனிடம் நாம் கேட்கவேண்டிய வினாக்களும் உள்ளன.

இத்திட்டம் தொடங்கியபோது, ஏழைக் குழந்தைகளிடம் அறிவு வளர்ச்சிக் குறை ஏற்படாமல் தடுப்பதே நோக்கமென்று எழுதினார்கள். குறை எங்கே இருந்தது? குழந்தையிடமா, தாயிடமா, அல்லது அத்தாய்க்கு நாளெல்லாம் அயலார் வீட்டில் வேலை வைத்த சமுதாயத்திடமா? நம் குழந்தைகளையும் ‘பின்தங்கிய மூளை’ என்று முத்திரை குத்திவிட்டு உதவ வருவோர் உண்டு. உதவி தேவை, முத்திரை வேண்டா. குழந்தைக்கு நல்ல பராமரிப்பு கிடைக்கவேண்டியது, நாளை அது மதிப்பெண் வாங்கும் என்பதற்காக மட்டுமன்று. இன்றே அது ஒரு மனித உயிர் என்பதே போதிய காரணம்.

மற்றொன்று, அந்த 54 குழந்தைகளின் நிலை. அக்குடும்பங்களுக்குக் குழந்தை உணவும் சமூகப் பணியாளர் உதவியும் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் காப்பகம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒப்பீடு இல்லாவிடில் ஜென்சன் போன்றோருக்கு மறுமொழி கூறியிருக்க முடியாது என்பதும் உண்மையே. ஆனால் உண்மையை மெய்ப்பிக்கும் சுமை எப்போதும் ஏழையின் தொட்டில்மேல் ஏற்றப்படுவதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்கள் நம் சேரிகளுக்கு ஆய்வுத்தாளுடன் வருமானால், பெற்றோரின் மனமார்ந்த இசைவு பெறவேண்டும். குழந்தைக்குச் செய்யும் பணி முதலிடம் பெறவேண்டும். கண்டறிந்த முடிவு நம்மிடமே திரும்பி வரவேண்டும். இவற்றைக் கேட்பது நன்றிகேடு ஆகாது.

சேப்பல் ஹில்லில் அக்குழந்தைகள் தவழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1975 அக்டோபர் 2 அன்று, இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. அங்கன்வாடி அதன் வழி வந்ததே. அது பலகோடிக் குழந்தைகளின் பசியைத் தணித்துள்ளது. ஆனால் பெரும்பாலான மையங்களில் மூன்று வயதுக்கு மேற்பட்டோரே நாள்தோறும் வந்து அமர்கின்றனர். அதற்குட்பட்ட கைக்குழந்தைக்குச் சத்துமாவு வீடு செல்கிறது, கை வந்து ஏந்துவதில்லை. ஒரே பணியாளர் கற்பித்தலையும் கணக்கெழுதுதலையும் கணக்கெடுப்பையும் சுமக்கிறார். மூவருக்கு ஒருவர் என்னும் விதியை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், தொலைவு எவ்வளவென்று விளங்கும்.

ஆயினும் நம் கையில் ஒன்றுமில்லை என்பதன்று. 2002இல் திருத்தப்பெற்ற அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, ஆறு வயது நிறைவடையும்வரை எல்லாக் குழந்தைகட்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயலவேண்டுமெனப் பணிக்கிறது. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேரேனும் உள்ள குடியிருப்பில் மையம் இல்லையெனில், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி அமைக்க ஆணையிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வாழும் பகுதிகட்கு முன்னுரிமையும் தந்தது. ஊர்த்தெருவில் மையம் இருக்கிறது, நம் குழந்தை அங்கே வரலாமே என்பார்கள். நம் குழந்தை அங்கே எங்கு அமர்த்தப்படுகிறது, யார் தொட்டுத் தூக்குகிறார் என்பதை நேரில் சென்று பாருங்கள்.

கற்பி, கிளர்ந்தெழு, ஒன்றுசேர் என்று பாபாசாகேப் அம்பேத்கர் நமக்குப் பணித்தார். கற்பித்தல் ஐந்து வயதில் தொடங்குவதாக அவர் எங்கும் எல்லை வகுத்ததில்லை. இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் கைக்குழந்தைகளைக் கணக்கெடுக்கட்டும். மையம் இல்லாத இடத்தில் கூட்டாகக் கையெழுத்திட்டு மனுக் கொடுக்கட்டும். மையம் உள்ள இடத்தில் மாதம் ஒருமுறை சென்று பார்க்கட்டும். கல்லூரியில் பயிலும் தம்பி தங்கையர் விடுமுறை நாள்களில் அங்கு அமர்ந்து குழந்தைகளோடு பேசட்டும், கதை சொல்லட்டும். பிறப்பைக் காட்டி நம்மைத் தாழ்த்தியவர்கட்கு நாம் தரும் விடை, அந்தப் பாயில் தவழும் குழந்தையின் மழலையில் தொடங்கட்டும்.