பயனில்லாத் தீங்கு தவிர்த்தல்
(மகாவீரர் ஜயந்தி விழா உரை)



திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைக் காண ஏறிச் செல்வோர் பலர். அக்கோயிலுக்குப் பின்புறம், பாறைச் சரிவில் ஒரு குகைத்தளம் இருப்பதை அறிந்தோர் சிலரே. அங்கே சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன. அங்குப் பொறிக்கப்பட்டுள்ள 'சிரா' என்னும் பெயரே ஊர்ப்பெயருக்கு அடிப்படை எனக் கருதும் ஆய்வாளரும் உளர். ஒருவர் கிடக்கும் அளவே இடம். அதற்கு மேல் அம்முனிவர்க்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதே நகரின் கிழக்கே அரியமங்கலத்தில், ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்பில், பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பை மலைபோல் குவிந்தது. முன்னது வேண்டாமை தங்கிய மலை. பின்னது வேண்டியதையெல்லாம் வாங்கி எறிந்ததனால் எழுந்த மலை. இம்மலையில் சமணர் இல்லங்களின் பங்கும் உண்டா என்பதே இன்று எண்ணத்தக்க வினா.

இல்லறத்தார் முனிவரைப்போல் வாழ இயலாது. அறநூல்களும் அவ்வாறு கட்டளையிடவில்லை. உழவும் சமையலும் வீடு கட்டுதலும் இன்றி வாழ்க்கை இல்லை. அவற்றில் சிற்றுயிர்க்கு நேரும் துன்பத்தை முற்றிலும் தவிர்க்கவும் முடியாது. ஆதலால் இல்லறத்தார்க்கு அணுவிரதங்கள் ஐந்தும், அவற்றுக்குத் துணையாகக் குணவிரதங்கள் மூன்றும் வகுக்கப்பட்டன. குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். அர்த்தம் என்பது பயன். தண்டம் என்பது தீங்கு. பயன் ஒன்றும் இல்லாமல் விளைக்கும் தீங்கை விலக்குதலே இவ்விரதம்.

ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இத்தீங்கினை ஐவகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்று பிரமாதசரியை, அதாவது கருத்தின்றி நடத்தல். மண்ணை வீணே அகழ்தல், நீரை வீணே சிந்துதல், தீயை வீணே மூட்டுதல், காற்றை வீணே அலைத்தல், செடிகொடிகளை வீணே கொய்தல் ஆகியன இதனுள் அடங்கும். மண்ணும் நீரும் தீயும் காற்றும் மரஞ்செடியும் ஓரறிவுயிர் என்று கொண்ட சமயத்துக்கு இவை ஐந்தும் உயிர்க்குச் செய்யும் தீங்கே. உலகம் இன்று சுற்றுச்சூழல் காப்பு என்று புதிதாகப் பேசுவது, சாவகர் வீட்டில் விரதமாக இருந்த ஒன்று. அவ்விரதத்தை நாள்தோறும் நினைவூட்டும் கேள்வி 'இதனால் பயன் என்ன?' என்பதே.

முதலில் நீர். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. இவ்விரு ஆறுகளின் மணற்படுகைக் கிணறுகளே மாநகருக்குக் குடிநீர் தருகின்றன. சமணர் நீரை மடித்த துணியில் வடிகட்டுவதோடு நிறுத்துவதில்லை. துணியில் தங்கிய உயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே மெல்லச் சேர்ப்பதும் அவ்வொழுக்கத்தின் பகுதி. எடுத்த இடத்துக்குத் திருப்பித் தருதல் என்னும் அக்கருத்து வீட்டுக் குழாய்க்கும் பொருந்தும். ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் நீர் சாக்கடைக்குப் போகிறது. ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அந்த அளவை ஒருமுறை சோதித்தறிந்தபின் கருவி தேவையா எனத் தீர்மானிப்பது நன்று. தேவையெனின், கழிவுநீரைக் குடத்தில் பிடித்துத் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படுத்தலாம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அது சென்று சேரும் குழியோ தூர்ந்து கிடக்கிறது. திருவரங்கம் பெரிய கோயிலில் பழைய மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பையும் வடிகால்களையும் மீட்டெடுத்ததும் சேர்ந்த திருப்பணிக்கே யுனெஸ்கோ 2017-இல் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வழங்கியது. ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் தம் குழியைத் தூர் வாரினால், அதுவும் ஒரு சிறு திருப்பணியே.

அடுத்தது உணவு. இங்கே சாவகர் சிலர்க்கு நேர்மையான ஐயம் ஒன்று உண்டு. காய்கறிக் கழிவை வீட்டில் உரமாக்கினால் அதில் உயிர்கள் தோன்றும். அவற்றைக் கிளறி வருத்துவது பாவமாகாதோ என்பது அது. புறக்கணிக்கத்தக்க ஐயம் அன்று. ஆயினும், கழிவை வெளியே கொடுத்துவிடுவதால் அவ்வுயிர்கள் பிழைப்பதில்லை. கலந்து கொட்டிய குப்பை கிடங்கில் அழுகி, எரிவளி வெளியிட்டு, தீப்பற்றவும் செய்கிறது. அங்கே மடியும் உயிர்க்குக் கணக்கில்லை. கண்ணுக்கு மறைவாக நிகழ்வதனால் தீங்கு குறைந்துவிடாது. எனவே முதற்கடமை கழிவே மிகாமல் அளவறிந்து சமைத்தல். எஞ்சிய தோலையும் காம்பையும் துளையிட்ட மண்தொட்டியில் இட்டு, ஒவ்வொரு முறையும் உலர்ந்த சருகால் மூடி, கிளறாமல் விட்டுவிடலாம். சில மாதங்களில் அது தானே மண்ணாகும். இடமில்லாதார் மக்கும் குப்பையைத் தனியே பிரித்துக் கொடுத்தால், மாநகராட்சியின் உரமாக்கும் மையங்களுக்கு அது சென்று சேரும்.

மூன்றாவது, விழாப் பந்தி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆயினும் இலையின் நிறம் பூசிய பிளாஸ்டிக் தாளும், மெல்லிய குவளையும், சிறு தண்ணீர்ப் புட்டியும் பந்திகளில் இன்னும் தலைகாட்டுகின்றன. பந்தி முடிந்தபின் எச்சில் உணவோடு அவை தெருவுக்குப் போகின்றன. உணவின் மணம் நாடி வரும் பசு பையோடு சேர்த்து விழுங்குகிறது. அது அவ்வயிற்றில் செரிப்பதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. கொல்லாமையைப் போற்றும் விழாவின் எச்சத்தால் ஒரு பசு நோயுற்று மடியுமாயின், அவ்விழாவில் பாடிய துதிக்குப் பொருள் என்ன?

மாற்று அருகிலேயே இருக்கிறது. வாழைக்கெனத் தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்கிவரும் ஊர் இது, இலைக்குப் பஞ்சமில்லை. வேண்டுவது எவர்சில்வர் குவளைகளும் அவற்றைக் கழுவச் சில கைகளுமே. குவளைகளை அறக்கட்டளை ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு உதவும். கழுவும் பணியை இளைஞர் முறைவைத்து ஏற்றால் அதுவும் தொண்டாகும்.

பிற பழக்கங்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறி, கூப்பிடு தூரக் கடைக்கு எடுக்கும் வண்டி, உடுத்தாமல் அடுக்கிய ஆடை ஆகிய எல்லாவற்றுக்கும் அதே ஒரு கேள்வி போதும்.

'ஒரு வீடு மாறினால் ஊர் மாறிவிடுமா?' என்று சிலர் வினவலாம். சமணம் இதற்கு விடை கூறியுள்ளது. வினை அவரவர்க்குத் தனித்தனி. பிறர் நோன்பு நோற்கவில்லை என்பதால் எவரும் தம் நோன்பைக் கைவிடுவதில்லை. அண்டை வீட்டார் இரவில் உண்கிறார் என்பதற்காகச் சாவகர் இரவில் உண்ணத் தொடங்குவதில்லை. நீரைக் காப்பதிலும் குப்பையைப் பிரிப்பதிலும் மட்டும் ஊரார் முகம் பார்ப்பது ஏன்?

நியமம் என்பது கால எல்லை வகுத்து ஏற்பது. வர்த்தமானர் பிறந்த இந்நன்னாளில் ஒவ்வொரு குடும்பமும், நீர், உணவு, பந்தி இம்மூன்றனுள் தமக்கு இயன்ற ஒன்றையேனும் நியமமாக ஏற்கலாம். அவர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளில் விளக்கேற்றும்போது, அந்நியமம் நின்றதா வழுவியதா என்று குடும்பத்தோடு அமர்ந்து கணக்குப் பார்க்கலாம். நின்றதாயின் அடுத்த ஒன்றை ஏற்கலாம். வழுவியதாயின் அதையே மீண்டும் ஏற்கலாம்.

கொல்லா நெறி ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!