கைப்பொருளும் வாடகைப்பொருளும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் போன்ற சங்கங்களின் அங்கத்தவர் இடாப்பும் கணக்கேடும் கூட்டக் குறிப்புகளும் ஒருகாலத்தில் அலுமாரியில் இருந்தன. பின்னர் காரியாலயக் கணினியில் ஏறின. இப்பொழுது அங்கிருந்தும் புறப்பட்டு இணையத்துக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. இதனை முன்னேற்றம் என்று வாலிபர் மகிழ்கின்றனர். பொருள் கைவிட்டுப் போகின்றதே என்று பெரியோர் அஞ்சுகின்றனர். இரு சாராரும் கூறுவதில் உண்மை உண்டு. அதனைச் சீர்தூக்கிப் பார்ப்போமாக.

1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் அப்பிள் கணினிக்கென விசிக்கல்க் என்ற கணக்கு மென்பொருளை வெளியிட்டனர். மேசைக் கணினி வணிகருக்கும் கணக்கருக்கும் உரிய கருவியாக மாறியதற்கு அது பெருங்காரணம். அன்று தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மென்பொருள் என்பது கடையில் வாங்கும் பண்டமாகவே இருந்தது. முதலில் நெகிழ்வட்டில் வந்தது. பின்னர் இறுவட்டில் வந்தது. ஒருமுறை விலை கொடுத்தோம். கணினி உழைக்கும் வரை அதுவும் உழைத்தது.

ஆனால் அதிலும் இடர்கள் இருந்தன. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே நிறுவவேண்டும். வன்றட்டுப் பழுதானால், பிரதி எடுத்து வையாதவரின் பல ஆண்டு உழைப்பு ஒரு நாளில் அழியும். தமிழராகிய நமக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே கண்ணிற்படும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் இணையம் பரவிய பின்னரே அதன் பயன் நம்மவர் பலருக்கும் எட்டியது.

தூரத்தில் உள்ள கணினியை நாம் இருந்த இடத்திலிருந்து பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. ஒரே பெருங் கணினியைப் பலர் ஏககாலத்தில் பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 1961இலேயே செய்து காட்டியது. பொதுமக்களுக்கு அது எட்டியது பிற்காலத்திலேதான். 1996 யூலை 4ஆந் திகதி, இந்தியரான சபீர் பாட்டியாவும் ஜக் சிமித்தும் ஹொட்மெயிலைத் தொடங்கினர். உலகில் எக்கணினியில் இருந்தும் தம் கடிதத்தைப் படிக்கலாம் என்பது அன்று பெரும் புதுமை. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகிள் வரைபடமும் வந்தன. பக்கம் முழுவதையும் மீண்டும் தருவிக்காமல், வேண்டிய பகுதியை மாத்திரம் தருவிக்கும் உபாயத்தால் அவை விரைந்து இயங்கின. 2006இல் கூகிளின் எழுத்துப் பணிச் செயலியும் கணக்குச் செயலியும் உலாவிக்குள் வந்து சேர்ந்தன.

இதனால் விளைந்த நன்மை கண்கூடு. யாழ்ப்பாணத்தில் பொருளாளர், கொழும்பில் கணக்காய்வாளர், ரொறன்ரோவில் ஆதரவாளர், மூவரும் ஒரே கணக்கை ஒரே வேளையில் பார்க்கலாம். கணினி பழுதானாலும் ஏடு பிழைக்கும். வாலிபரின் மகிழ்ச்சிக்குக் காரணம் இதுவே.

இனிப் பெரியோரின் அச்சத்தை நோக்குவோம். முதலாவது, விலை வாடகையாயிற்று. படத் தொழிலுக்கு இன்றியமையாத மென்பொருள்களை ஆக்கும் அடோபி நிறுவனம், அவற்றின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கே தருவதென 2013இல் அறிவித்தது. சந்தா நின்றால் கருவியும் நிற்கும். அத்தகைய சந்தாக்கள் பெரும்பாலும் டொலர்க் கணக்கில் உள்ளவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபா ஆயிற்று. பத்து டொலர்ச் சந்தாவுக்கு 2,000 ரூபா கொடுத்தவர், அதே கருவிக்கு 3,600 ரூபா கொடுக்க நேர்ந்தது.

இரண்டாவது, கடைக்காரர் கதவைச் சாத்தலாம். பலர் நாள்தோறும் பயன்படுத்திய கூகிள் ரீடர் 2013 யூலை முதலாந் திகதி மூடப்பட்டது. மூன்றாவது, அயல் நாட்டரசின் ஆணை நம் மேசைவரை வரலாம். 2019 ஒற்றோபரில், அமெரிக்க அரசின் ஆணையைக் காரணங்காட்டி, வெனிசுவேலா நாட்டினரின் கணக்குகளை மூடப்போவதாக அடோபி அறிவித்தது. அனுமதி பெற்று அம்மாத முடிவிலேயே அம்முடிவை மாற்றிக்கொண்டது. எனினும் குற்றமேதும் செய்யாத ஓவியரும் அச்சகத்தாரும் சில வாரம் கலங்கினர். கடையில் வாங்கிய இறுவட்டை அவ்வாறு எவரும் வந்து மீட்பதில்லை அன்றோ?

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? இணையத்தைத் தள்ளிவைத்தல் இயலாது. அது வேண்டியதும் அன்று. மூன்று ஒழுங்குகளை மேற்கொண்டாற் போதும்.

முதலாவது, மாதமுடிவில் இடாப்பையும் கணக்கையும் இறக்கி, சங்கத்தின் சொந்த வட்டில் ஒரு பிரதி வைத்தல் வேண்டும். அது லிப்ரே ஒபிஸ் போன்ற இலவச மென்பொருளிலும் திறக்கத்தக்க வடிவில் இருத்தல் நன்று. இரண்டாவது, இணையக் கணக்கைச் செயலாளரின் சொந்தப் பெயரில் தொடங்காது சங்கத்தின் பெயரிலேயே தொடங்குக. கடவுச்சொல் இரு உத்தியோகத்தரிடம் இருக்கட்டும். புதிய நிருவாகம் பதவியேற்கும் நாளில், முத்திரையும் வங்கிப் புத்தகமும் கைமாறுவது போல அதுவும் கைமாறட்டும், கைமாறியதும் மாற்றப்படட்டும். மூன்றாவது, அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கம் முதலிய அந்தரங்க விபரங்களை, தேவை இன்றி இணையத்தில் ஏற்றுதல் ஆகாது.

இவற்றுக்குப் பணச் செலவு சிறிது, வேண்டுவது பழக்கமே. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தும் பழக்கம் பெரியோரிடம் உண்டு. கருவியை இயக்கும் திறன் வாலிபரிடம் உண்டு. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், இம்மாத முடிவிலேயே முதற் பிரதியை எடுத்து வைக்கலாம். அதனைச் செய்யுமாறு வேண்டி விடைபெறுகின்றோம்.