வினைக்கு உரியவர் யார்?



ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் இருக்க வேண்டிய பொருத்தத்தைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன பாடமாயிற்றே என்று யாரும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய், அலுவலகத்தில் கடிதம் வரையும் எழுத்தர் என்று எல்லாரும் இடறுகிற இடம் இது. 'ஹி கோ', 'மை பிரதர் ஹேவ்', 'தி புக்ஸ் இஸ்' என்று எழுதிவிடுகிறோம். நல்ல சொல்வளம் இருக்கும், சொல்லவரும் கருத்தும் நன்றாக இருக்கும். இருந்தும் இந்த ஒரு பிழையைப் பார்த்ததும், எழுதியவருக்கு ஆங்கிலமே தெரியாது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். அதனால்தான் இதை முறையாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். புரிந்துகொள்ள மிக நல்ல வழி நம் தமிழிலேயே இருக்கிறது.

அதற்குச் சிதம்பரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இளமையில் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்றவர் அவர். அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர். அதே நாவலர்தான் இலக்கண நூல்களைப் பிழையறப் பதிப்பித்தார். மாணவர்கள் படிப்பதற்கென்று இலக்கணச் சுருக்கமும் எழுதினார். தமிழ் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் ஆங்கிலத்திலும் தடுமாற மாட்டார் என்பதற்கு அவரே சான்று. ஒரு மொழியில் ஆழக் கால் ஊன்றியவருக்கு இன்னொரு மொழியின் ஒழுங்கு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

அந்த ஒழுங்கு நம் மொழியில் எப்படி இருக்கிறது? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போது முதல் இயலாகக் கிளவியாக்கத்தை வைக்கிறார். எடுத்த எடுப்பிலேயே உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்து பாலையும் சொல்லி, பெயரும் வினையும் ஒத்து வர வேண்டும் என்கிறார். ஒத்து வந்தால் வழாநிலை. ஒத்து வராவிட்டால் வழு. சொல்லிலக்கணத்தின் வாசலிலேயே நம் முன்னோர் இந்தப் பொருத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன. பத்து முடிவுகள். நான்கு வயதுக் குழந்தை இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பேசிவிடுகிறது. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'கேம்' என்ற ஒரே சொல்தான். ஐ கேம், யூ கேம், ஷி கேம், தே கேம். இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' என்ற இரண்டில் மட்டும் கவனம் இருந்தால் போதும். நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு வினையின் கடைசியில் 'ஸ்' ஒலி. அதோடு 'ஆம், இஸ், ஆர்', 'ஹேஸ், ஹேவ்', 'டஸ், டூ'. சுமை அவ்வளவுதான். பத்து முடிவுகளை அநாயாசமாகக் கையாளும் குழந்தைக்கு இது பெரிய சுமையே இல்லை. அப்படியிருந்தும் ஏன் தடுக்குகிறது? எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள்.

முதல் காரணம், அந்த 'ஸ்' ஒலியே. பெயரில் 'ஸ்' வந்தால் பன்மை. வினையில் வந்தால் ஒருமை. 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்'. ஒரே ஒலி இரண்டு இடத்தில் இரண்டு வேலை பார்ப்பதால் பிள்ளைகள் குழம்பி 'பாய்ஸ் ரன்ஸ்' என்று இரண்டிலும் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. பஸ்ஸைக்கூட 'பஸ்ஸு' என்று உகரம் சேர்த்துத்தான் சொல்கிறோம். 'வாண்ட்ஸ்', 'ஆஸ்க்ஸ்' போன்ற சொற்களில் மெய்கள் அடுக்கி வரும்போது கடைசி ஒலி நம் காதிலும் விழுவதில்லை, நாவிலும் நிற்பதில்லை. காதில் விழாதது எழுத்தில் எப்படி வரும்? ஆகவே வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். 'ஷி வாண்ட்ஸ்', 'ஹி ஆஸ்க்ஸ்' என்று கடைசி ஒலி தெளிவாகக் கேட்கும்படி சொல்லச் சொல்ல, கையும் தானாக எழுதும். கேள்வியாக மாறும்போது அந்த 'ஸ்' முன்னே போய் 'டஸ்' என்பதில் உட்கார்ந்துவிடும். 'டஸ் ஷி சிங்?' என்றால் போதும். 'டஸ் ஷி சிங்ஸ்?' என்று மறுபடி போட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், அஃறிணைப் பன்மையில் நமக்கு வந்துவிட்ட அலட்சியம். 'மாடுகள் மேய்கின்றன' என்பது இலக்கணம். கடலூர்ப் பக்கம் வயல்வரப்பில் நின்று கேட்டால் 'மாடுங்க மேயுது' என்பதுதான் பேச்சு. பேச்சில் அது இயல்பு. ஆனால் எழுத்திலும் 'வண்டிகள் வரிசையாக நின்றது', 'கடைகள் அடைக்கப்பட்டது' என்று வந்துவிட்டது. இந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குப் போய் 'தி கவ்ஸ் இஸ் கிரேசிங்' ஆகிறது. தமிழில் 'நின்றன', 'அடைக்கப்பட்டன' என்று எழுதப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'ஆர்' தானாக வரும். தமிழாசிரியர் தமிழில் திருத்தும்போது ஆங்கிலத்துக்கும் சேர்த்தே திருத்துகிறார்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்று எழுதிவிட்டு 'இஸ் ஹெவி' என்பதா, 'ஆர் ஹெவி' என்பதா? பலர் 'ஆர்' போடுவார்கள். பக்கத்தில் 'மேங்கோஸ்' நிற்கிறதே, அது பன்மையாயிற்றே என்று கை போய்விடும். தமிழில் பக்கத்துச் சொல்லை நம்புவது சரியான பழக்கம். ஏனென்றால் தமிழில் அடைமொழியெல்லாம் முன்னே வந்து, தலைமைப் பெயர் தொடரின் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் தலைமைப் பெயர் முதலிலேயே வந்துவிடும். 'ஆஃப்', 'இன்', 'வித்', 'ஹூ' என்று மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். வினை வரும்போது அதன் பக்கத்தில் நிற்பது வேறொரு பெயர்.

அப்படியானால் என்ன செய்யலாம்? அந்தத் தொடரைத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கடைசியில் எந்தப் பெயர் நிற்கிறதோ அதுதான் எழுவாய். 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்பது மாம்பழப் பெட்டி. கடைசியில் பெட்டி. அது ஒன்று. ஆகவே 'இஸ்'. 'தி டவர்ஸ் ஆஃப் தி டெம்பிள்' என்பது கோயிலின் கோபுரங்கள். கோபுரங்கள் பல. ஆகவே 'ஆர்'. 'ஒன் ஆஃப் தி போட்ஸ் அட் பிச்சாவரம்' என்பது பிச்சாவரத்துப் படகுகளில் ஒன்று. கடைசியில் ஒன்று. 'இஸ்'. 'தி டாக்டர் ஹூ ட்ரீட்டட் மை பிரதர்ஸ்' என்பது என் தம்பிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். டாக்டர் ஒருவர்தான். 'இஸ்'. 'தி டீச்சர், அலாங் வித் தி ஸ்டூடன்ட்ஸ்' என்பது மாணவர்களோடு ஆசிரியர். எழுவாய் ஆசிரியர். இதற்கும் 'இஸ்'தான்.

போட்டித் தேர்வுகளில் அடிக்கடி மடக்கும் ஒரு கேள்வி உண்டு. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதற்கு 'ஆர்' வருகிறது. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதற்கு 'இஸ்' வருகிறது. 'எ', 'தி' என்ற ஒரு சொல் மாறியதும் ஏன் வினை மாறுகிறது என்று மாணவர்கள் திகைப்பார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள். முதலாவது, பல மாணவர்கள். கடைசியில் மாணவர்கள் நிற்கிறார்கள். இரண்டாவது, மாணவர்களின் எண்ணிக்கை. கடைசியில் எண்ணிக்கை நிற்கிறது. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. 'எ லாட் ஆஃப் போட்ஸ்' நிறையப் படகுகள், ஆகவே 'ஆர்'. 'எ லாட் ஆஃப் வாட்டர்' நிறையத் தண்ணீர், ஆகவே 'இஸ்'.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'எல்லாரும் வந்துவிட்டார்கள்' என்று நாம் பன்மையில் சொல்வோம். ஆங்கிலத்தில் 'எவ்ரிஒன்' ஒருமை. 'எவ்ரிஒன் இஸ் ஹியர்'. 'ஈச்', 'எவ்ரிபடி', 'நோபடி' எல்லாம் அப்படித்தான். ஒவ்வொருவராக எண்ணுவது ஆங்கிலத்தின் வழக்கம். கத்தரிக்கோல் நமக்கு ஒன்று. ஆங்கிலத்தில் 'சிசர்ஸ் ஆர்'. 'நியூஸ்', 'மேத்தமேடிக்ஸ்' இரண்டும் 'ஸ்' ஒலியில் முடிந்தாலும் ஒருமையே. 'போலீஸ்' என்பதற்கு 'ஆர்' வர வேண்டும். இப்படிப்பட்ட சொற்கள் சில இருக்கின்றன. அவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தால் சில நாளில் பழகிவிடும்.

தமிழில் வழு, வழாநிலை என்ற இரண்டோடு நிற்காமல் வழுவமைதி என்ற மூன்றாவதும் உண்டு. முறைப்படி பிழைதான், ஆனால் உலக வழக்கு ஏற்றுக்கொண்டது. ஒருவரையே மரியாதையாக 'வந்தார்' என்று பன்மையில் சொல்கிறோம். இலக்கண நெறிப்படி இது சரியல்ல, வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல் என்று தொல்காப்பியரே வகுத்துச் சொல்லியிருக்கிறார். பசுவின் மேல் உள்ள பாசத்தால் 'என் அம்மா வந்துவிட்டாள்' என்றால் அதற்கும் நன்னூல் இடம் கொடுக்கிறது. மனிதரும் விலங்குமாகக் கலந்து வந்தால் எந்த முடிவு கொடுப்பது என்பதற்கும், சிறப்பு நோக்கியா, எண்ணிக்கை நோக்கியா, இழிவு நோக்கியா என்று நன்னூலின் ஆசிரியர் பவணந்தியார் வழி சொல்கிறார்.

ஆங்கிலத்திலும் இத்தகைய அமைதிகள் உண்டு. எதிரே ஒரே ஒருவர் நின்றாலும் 'யூ ஆர்' என்கிறோமே, ஏன் 'யூ இஸ்' என்பதில்லை? 'யூ' என்பது முதலில் பன்மைக்கு உரிய சொல். ஒருவரை மட்டும் சுட்ட 'தௌ' என்று வேறு சொல் இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்றே அழைக்கத் தொடங்கி, நாளடைவில் 'தௌ' பொது வழக்கிலிருந்து போய்விட்டது. நாம் ஒருவரைப் பார்த்து 'நீங்கள் வாருங்கள்' என்கிறோமே, அதே மரியாதைதான் 'யூ ஆர்' என்பதிலும் இருக்கிறது. அணி, குழு போன்ற சொற்களுக்கு இங்கிலாந்தில் 'தி டீம் ஆர்' என்றும் எழுதுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் 'இஸ்'. 'ஷீப்' என்ற சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றே. ஆடு ஒன்றா பலவா என்பதை வினைதான் காட்டும். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று பால்பகா அஃறிணைப் பெயரைப் படித்த பிள்ளைக்கு இது புதிதா என்ன?

ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டுமானால் தமிழை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்குச் சிதம்பரத்திலிருந்து இன்னொரு பெரியவரைக் காட்டுகிறேன். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அதற்கு முன் சென்னையில் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தவர். அவருடைய ஆங்கிலத்தை ஆங்கிலேயரே வியந்து பாராட்டினார்கள். காந்தியடிகளின் தன்வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் தந்தார். 1940-இல் வந்த திருந்திய பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலப் புலமைக்குப் பேர்போன நண்பர் ஒருவர் நடையைத் திருத்தித் தந்ததாகவும், தம் பெயரை வெளியிடக் கூடாது என்று அவர் நிபந்தனை போட்டதாகவும் தேசாய் குறிப்பிடுகிறார். அந்த நண்பர் சாஸ்திரியார்தான் என்று பலரும் சொல்வார்கள். தமிழ் மண்ணில் பிறந்து வளர்ந்து, இங்கேயே படித்து ஆளானவருக்குக் கிட்டிய புலமை அது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஹி கோ' என்று ஒரு மாணவர் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர வேண்டாம். 'அவன் போகிறார்கள்' என்று தமிழில் சொல்வாயா என்று கேளுங்கள். மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்குப் பொருத்தம் என்றால் என்ன என்று தெரியும். தெரிந்த அந்த அறிவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் வழியைத்தான் நாம் காட்ட வேண்டும். வினைக்கு உரியவர் யார், அவர் ஒருவரா பலரா என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்கப் பழக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை தப்பாகப் பேசினால் நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள். கூச்சப்பட்ட பிள்ளை அடுத்த தடவை வாயே திறக்காது. தமிழ்ப் புத்தகம் நிறையப் படிக்கக் கொடுங்கள். திணையும் பாலும் தமிழில் தெளிவாகப் பிடிபட்ட பிள்ளை, ஆங்கில வகுப்பில் பாதிப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் உட்காருகிறது.