நெகடிவ் ஸ்கேனர் வாங்குமுன்...

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அப்பா காலமான பிறகு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே அவ்வளவும் நெகடிவ்கள். அப்பாவும் பாட்டியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் சுவரில் மாட்டியிருந்தது. ஈரம் ஏறி ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. "அதோட நெகடிவ் இருக்கான்னு பாருப்பா" என்றார் அம்மா. இருந்தது!

அவசரத்தில், '22 மெகாபிக்சல்' என்று அட்டையில் போட்டிருந்த சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஸ்கேனர் என்று பெயரே தவிர, உள்ளே இருப்பது சாதாரண கேமராதான். நெகடிவில் வெளிச்சமான இடம்தான் அடர்ந்த கறுப்பு. அந்த அடர்த்தியை அதனால் படிக்க முடியவில்லை. பாட்டியின் வெள்ளைப் புடவை ஒரு மடிப்புகூடத் தெரியாமல் வெறும் வெள்ளையாக வந்தது. என்ஜினீயர் செய்கிற காரியமா இது? கணக்குப் போட்டுவிட்டல்லவா கடைக்குப் போயிருக்க வேண்டும்!

கணக்கு இதுதான். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36 x 24 மி.மீ. அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் படித்தால் ஏறக்குறைய 77 லட்சம் புள்ளிகள். 11 அங்குல அகலத்துக்குத் தெளிவாகப் பிரிண்ட் போடலாம். வீட்டுக்கு இது போதும். ஆனால் அது உண்மையான 2400 ஆக இருக்க வேண்டும். ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 6400 என்று போட்டிருப்பார்கள்; கைக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இராது. எனவே 35 மி.மீ.க்கு, ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர்தான் நல்லது. பழைய 120 ஃபிலிம் வைத்திருக்கும் சீனியர்களுக்கு, மூடியில் விளக்குள்ள ஃபிளாட்பெட் போதும். நெகடிவ் பெரிசு, குறை தெரியாது.

கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் உண்டா? கலர் நெகடிவில் கீறலை நன்றாக மறைக்கும். கறுப்பு வெள்ளையில் பலிக்காது. அதிலுள்ள வெள்ளியே இன்ஃப்ராரெட்டைத் தடுத்துவிடும். இரண்டு, 16 பிட் டிஃப் ஃபைலாகச் சேமிக்குமா? மூன்று, உங்கள் கம்ப்யூட்டருக்கு டிரைவர் உண்டா? மலிவாக வருகிறதே என்று பழைய ஸ்கஸி மாடலை வாங்கிவிட்டு முழிக்காதீர்கள்.

மேக்ரோ லென்ஸோடு நல்ல டிஜிட்டல் கேமரா கையில் இருந்தால், ஸ்கேனரே வேண்டாம். வெள்ளை விளக்குப் பலகைமேல் நெகடிவை வைத்துப் படமெடுக்கலாம்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் போலப் புளித்த வாடை அடித்தால், அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியே எடுத்து வையுங்கள், பக்கத்து நெகடிவையும் கெடுத்துவிடும். முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் ஆயிற்றே என்று எந்த நெகடிவையும் தூக்கிப் போடாதீர்கள்.

என் கதை என்ன ஆயிற்று? ஹாஸ்டல் சீனியர் ஒருவர் தம் ஃபிலிம் ஸ்கேனரை ஒரு மாதம் இரவல் தந்தார். புடவையின் மடிப்பு, கரை எல்லாம் வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனவே என் வேண்டுகோள்: ஒவ்வொரு செட்டும் பணம் போட்டு ஒரு ஸ்கேனர் வாங்குங்கள், வேலை முடிந்ததும் அடுத்த செட்டுக்குக் கொடுங்கள்.