பூனை படுத்தே கிடந்தால்



மாடு தீனி எடுக்காவிட்டால் நாம் பதறுகிறோம். கோழி கண்ணை மூடி மூலையில் நின்றால், மற்றக் கோழிகளுக்கும் வந்துவிடுமே என்று உடனே தனியாகப் பிரித்துவிடுகிறோம். பூனை விஷயத்தில் மட்டும் அந்தப் பதற்றம் நமக்கு வருவதில்லை. அது பால் கொடுப்பதில்லை, முட்டை இடுவதில்லை. ஆனாலும் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையையும் எலியிடமிருந்து காப்பாற்றி வந்தது யார் என்பது, வீட்டில் பூனை இல்லாமற்போன பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது. அந்தப் பூனையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஓடியாடித் திரிந்த பூனை அடங்கிப்போய் ஓரிடத்திலேயே படுத்துக் கிடந்தால் அதற்கு என்ன பொருள், நாம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதைப் பார்ப்போம்.

படுத்துக் கிடக்கும் பூனையைப் பார்த்தால் நாம் என்ன சொல்கிறோம்? "சோம்பேறிப் பூனை" என்கிறோம். "வயசாச்சு, இனி அப்படித்தான்" என்கிறோம். சில சமயங்களில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பல சமயங்களில் அந்தப் பூனை வலியோடு படுத்திருக்கிறது என்பதுதான் உண்மை.

வலி என்றால் கத்தாதா என்று நீங்கள் கேட்கலாம். நாய்க்குக் காலில் முள் குத்தினால் தெருவே கேட்கக் கத்தும். நொண்டிக்கொண்டு நம்மிடம் வந்து காலைக் காட்டும். பூனையின் இயல்பு வேறு. அது தனியாக வேட்டையாடும் பிராணி. எலிக்கு அது எமன் என்றாலும், பெரிய பாம்புக்கும் நாய்க்கும் அதுவே இரை. காட்டில் வாழ்ந்த அதன் முன்னோருக்கு, "எனக்கு முடியவில்லை" என்று காட்டிக்கொள்வது எதிரியைக் கூப்பிடுவதற்குச் சமமாக இருந்தது. ஆகவே வலி வந்தால் பூனை கத்துவதில்லை. ஒளிந்துகொள்ளும், அசையாமல் கிடக்கும். அந்த அசையாமைதான் அதன் அழுகை.

இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. நல்ல ஆரோக்கியமான பூனையே ஒரு நாளில் 12 மணி முதல் 16 மணி நேரம் வரை தூங்கும். நாம் வேலை முடிந்து வீடு திரும்பும் உச்சி வெயிலில் எந்தப் பூனையும் படுத்துத்தான் கிடக்கும். அப்போது பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. பூனை சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் விடியற்காலையும் அந்தி மாலையும். தோட்டத்து ஜனங்களுக்கு இது ஒரு வசதி என்றே சொல்லலாம். பட்டணத்தார் புரண்டு படுக்கும் ஐந்து மணிக்கு நாம் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுகிறோம். அந்த நேரத்தில் காலைச் சுற்றிக்கொண்டு வரும் பூனை வரவில்லை என்றால், அதுவே முதல் அடையாளம்.

பூனை என்ன செய்கிறது என்பதைவிட, வழக்கமாகச் செய்து வந்த எதை விட்டுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே தாவலில் சுவர்மேல் ஏறிய பூனை இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்து யோசிக்கிறதா? முதலில் நாற்காலி, பிறகு மேசை என்று இரண்டு தவணையாக ஏறுகிறதா? இறங்கும்போது பொத்தென்று விழுகிறதா? முதுகின் பின்பகுதியில் மயிர் சிக்குப் பிடித்து, பொடுகு தட்டிக் கிடக்கிறதா? வளைந்து நக்கிச் சுத்தம் செய்ய முடியாததால் அப்படி ஆகிறது. சிமெண்டுத் தரையில் நடக்கும்போது நகம் டக் டக்கென்று சத்தம் கேட்கிறதா? மரத்தில் நகம் தீட்டுவதை அது நிறுத்தி நாளாகிவிட்டது என்று அர்த்தம். வழக்கமான இடத்தை விட்டுக் கதவோரத்தில் மூத்திரம் பெய்கிறதா? அது திமிர் என்று விளக்குமாற்றை எடுக்காதீர்கள். அந்த இடம்வரை நடக்கவோ குந்தவோ அதற்கு முடியாமல் இருக்கலாம். பிள்ளைகள் தூக்கினால் இதுவரை பேசாமல் இருந்த பூனை இப்போது சீறுகிறது, கடிக்கிறது என்றாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டுப் பூனைகளில் பலவற்றுக்கு வால் மடங்கியோ குட்டையாகவோ இருக்கும். அது பிறவி. வாலைப் பார்த்து அடிபட்டது என்று பயப்பட வேண்டாம்.

முகமும் பேசும். 2019-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மொன்ரியால் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். காது, கண், வாய்ப்பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை புள்ளி போடுகிறார்கள். மொத்தம் பத்துக்கு நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் வலிக்கு மருந்து தேவைப்படலாம் என்று கணக்கு. இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. காதுகள் தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கண்கள் பாதி மூடி இடுங்கியிருக்கும். வாய்ப்பகுதி இறுகியிருக்கும். தொங்கலாக வளைந்திருக்க வேண்டிய மீசை விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கும். ஆனால் தூங்கும் பூனையை வைத்து இதைப் பார்க்கக் கூடாது. விழித்திருக்கும்போது சற்றுத் தூரத்தில் இருந்து பார்க்க வேண்டும். "குர்ர்" என்று சத்தம் போடுகிறது, ஆகவே சந்தோஷமாக இருக்கிறது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். வலியிலும் பூனை அப்படிச் சத்தம் போடுவதுண்டு.

வலிக்குக் காரணம் என்ன? கிழப் பூனைக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுகளிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் இருந்தது. ஆகவே "வயசாச்சு" என்று நாம் கை கழுவும் பூனைகளில் பலவற்றுக்கு, நம் பாட்டிக்கு இருக்கும் அதே முழங்கால் வலிதான். பாட்டிக்குத் தைலம் உண்டு. அதற்குச் சொல்ல வாயில்லை. பல்லும் ஈறும் கெட்டுப்போவது இன்னொன்று. தட்டருகே ஆசையாக வந்து, ஒரு வாய் எடுத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு ஓடினால் வாயைச் சந்தேகிக்க வேண்டும். இளம் கடுவன்களுக்கோ சண்டைக் காயம். பூனைப் பல் ஊசி மாதிரி. மேல்தோலில் சின்னத் துளைதான் தெரியும். அது மூடிக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் உள்ளே சீழ் கட்டி, காய்ச்சல் வந்து பூனை சுருண்டு விடும்.

இப்படிச் சுருண்ட ஒரு கடுவனை எங்கள் வீட்டில் நாங்களே கொன்றிருக்கிறோம். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேசுவதில் நியாயமில்லை. முத்து என்று பெயர். கோழிக்கூட்டுப் பக்கம் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்து, அடுப்படியில் விறகுக்குப் பின்னால் போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தொட்டால் உடம்பு கொதித்தது. அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்கும் பனாடோல் மாத்திரையில் பாதியைப் பொடித்து, சாடின் மீன் குழம்பில் கலந்து, மடியில் வைத்து ஊட்டினார். அன்று மாலையே அதன் முகமும் பாதங்களும் வீங்கின. ஈறு காப்பி நிறத்துக்கு மாறியது. மூச்சு வாங்கியது. மறுநாள் பால்வெட்டு முடிந்து வந்து பார்த்தபோது முத்து இல்லை. சண்டைக் காயத்தில் செத்தது என்றுதான் நாங்கள் வெகுநாள் நினைத்திருந்தோம். பிறகு ஒரு மிருக வைத்தியர் சொன்னபோதுதான் விளங்கிற்று.

அந்த மாத்திரையில் உள்ள பாராசிட்டமோல் மருந்தை நம் ஈரல் முறித்து வெளியே அனுப்பிவிடுகிறது. பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகவும் குறைவு. முறிபடாத மருந்து இரத்தத்தைக் கெடுத்து, அது பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. ஈறு பழுப்பாவது அதனால்தான். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அஸ்பிரின், முதுகுவலிக்கும் பல்வலிக்கும் நாம் வாங்கிப் போடும் மற்ற மாத்திரைகள், இவையும் ஆபத்தானவையே. "குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானே" என்ற நியாயம் இங்கே செல்லாது. தவறிக் கொடுத்துவிட்டால், வெட்கப்படாமல், எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் போனால் முறிமருந்து உண்டு.

மேலுக்குத் தடவுவதுதானே என்று வலித் தைலத்தையும் போடாதீர்கள். பூனை தன் உடம்பை நக்கும். தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். புண்ணை டெட்டால் போட்டுக் கழுவுவதும் அப்படியே கெடுதல். கொதித்து ஆறிய தண்ணீரில் சிட்டிகை உப்புப் போட்டுத் துடைத்தால் போதும். மூக்கிலும் பாதத்திலும் பல நாள் ஆறாத புண் இருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். நம் நாட்டுப் பூனைகளிடம் ஒரு வகைப் பூஞ்சை நோய் இருக்கிறது. கீறினாலும் கடித்தாலும் அது மனிதருக்கும் ஒட்டும்.

இனி, எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்ற கேள்வி. கடுவன் பூனை அடிக்கடி குந்திக் குந்தி முக்குகிறது, மூத்திரம் வரவில்லை என்றால் பொறுக்கவே கூடாது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊட்டிக்கொண்டிருப்பார்கள். மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்து, தொட்டால் ஜில்லென்றிருந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும் அந்த மணியே புறப்பட வேண்டும். எலி மருந்து வைத்த தோட்டமாக இருந்து, பூனை சோர்ந்து ஈறு வெளுத்திருந்தாலும் அப்படித்தான். ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாவிட்டால் மறுநாள் தள்ளக் கூடாது. மெல்ல மெல்ல வந்த பிடிப்பு என்றால் அடுத்த சம்பளத்துக்குப் பிறகு போகலாம். மறந்துவிடாமல் இருந்தால் சரி.

செலவை நினைத்துத் தயங்குவோம் என்பது தெரியும். தனியார் கிளினிக்கில் கேட்கும் வெள்ளியைக் கேட்டு நாங்களும் திரும்பி வந்ததுண்டு. பல மாவட்டங்களில் அரசாங்கக் கால்நடை இலாகா அலுவலகம் இருக்கிறது. ஆடு மாட்டுக்கு மட்டும் என்று நினைக்காமல், பூனையைப் பார்ப்பார்களா, எந்த நாளில் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது வளர்ப்பவரின் கடமையாகவே ஆக்கப்பட்டிருக்கிறது.

கொண்டுபோகும்போது சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கவிடாதீர்கள். மூட்டுவலிக்காரப் பூனைக்கு அதைவிடச் சித்திரவதை இல்லை, மூச்சும் முட்டும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் பழைய கைலியை விரித்து, பின்னால் உட்காருபவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். எந்த நாளிலிருந்து ஏறவில்லை, எதைத் தின்னவில்லை என்று ஒரு துண்டுத் தாளில் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைத்துக்கொண்டு போங்கள். மேசைமேல் வைத்தவுடன் பூனை பயத்தில் எல்லா வலியையும் மறைத்துவிடும். வைத்தியருக்கு அந்தத் தாள்தான் உதவும்.

முத்துவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வளர்ந்தது ராணி. அதற்கு வயது பதின்மூன்று ஆனபோது ஜன்னல் கட்டைக்கு ஏறுவதை நிறுத்தியது. இந்த முறை நாங்கள் "வயசாச்சு" என்று சொல்லவில்லை, வைத்தியரிடம் போனோம். இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். பூனைக்கென்றே உள்ள வலி மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுத்தார். நகத்தை வெட்டிவிட்டார். மற்றது நம் கையில் என்றார். மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை குளிரும் என்று இரண்டு கோணிச் சாக்கை மடித்துப் போட்டோம். தண்ணீரும் தட்டும் படுக்கை அருகே வந்தன. மணல் போட்ட தகரத்தின் ஒரு பக்க விளிம்பைத் தாழ வெட்டி, கையைக் கிழிக்காமல் மடித்துவிட்டோம். ஜன்னலுக்குக் கீழே தம்பி ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

முதல் வாரம் அது பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை, அடுப்பைப் பற்ற வைக்கும்போது, பெட்டிமேல் ஏறி நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் தூக்கிவிடவில்லை. காப்பித் தண்ணீர் கொதிப்பதற்குள் அதுவே ஏறிவிட்டது.