பூசையிலிருந்து மேடைக்கு



வழிபாட்டுக்கென ஆக்கப்பட்ட இசையை வழிபாட்டிலிருந்து பிரித்து மேடையிலே பாடினால் அதன் உயிர் எஞ்சுமா? இந்த வினாவுக்குத் தமது வாழ்நாள் உழைப்பையே விடையாக்கியவர் ஆங்கிலேயரான பீற்றர் பிலிப்ஸ்.

1953இல் பிறந்த இவர், ஒக்ஸ்போர்ட்டில் மாணவராயிருந்த 1973இல் பாடகர் குழுவொன்றை அமைத்தார். பதினாறாம் நூற்றாண்டின் இசையாளர் தோமஸ் தலிஸின் பெயரால் அது 'தலிஸ் ஸ்கொலர்ஸ்' எனப்பட்டது. மறுமலர்ச்சிக்காலத் தேவாலய இசையே அதன் பாடுபொருள். வாத்தியத் துணை கிடையாது.

அந்த இசையின் இயல்பை இங்கு சொல்லவேண்டும். நான்கு, ஐந்து குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு மெட்டில் நடக்கும். எந்தக் குரலும் தலைமைக் குரலன்று, எதுவும் பின்பாட்டுமன்று. தலிஸின் ஒரு படைப்பில் இவ்வாறு நாற்பது குரல்கள் உண்டு. ஒரு குரல் சற்றே முந்திக்கொண்டாலும் மற்றவை மறைந்துவிடும். ஆகவே நெறியாளரின் பெரும்பணி உணர்ச்சியைத் தூண்டுவதன்று, அடக்கத்தைக் காப்பது. பிலிப்ஸ் பெரும்பாலும் ஒரு பகுதிக்கு இருவரையே பாடவைத்தார். தேவாலயங்களில் சிறுவர் பாடிய உச்சக்குரலைப் பெண்களுக்குக் கொடுத்தார். இப்பாடல்முறையில் தூய்மை மிகுதி, உருக்கம் குறைவு என்ற விமர்சனமும் எழாமலில்லை.

1980களின் தொடக்கத்தில் அவரும் நண்பரொருவரும் 'கிமெல்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 1987இல் அதன் வெளியீடொன்று 'கிராமபோன்' சஞ்சிகையின் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான பரிசைப் பெற்றது. பழைய இசைக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அதில் அடங்கிய ஜொஸ்கினின் பூசைப்பாடல்களுள் ஒன்று ஐந்து சுரங்களின் மீதே எழுப்பப்பட்டது. நமது வழக்கில் அவற்றைத் த, ப, ம, ரி, க எனலாம். அந்த ஒரு தொடரே பாடல் முழுதும் திரும்பத்திரும்ப வருகிறது, ஆயினும் சலிப்பில்லை. ஜொஸ்கினின் பூசைப்பாடல்கள் பதினெட்டையும் ஒன்பது தட்டுக்களில் பதியும் பணி 2020இலேதான் நிறைவெய்தியது. நிறைவுத் தட்டு 2021இல் பீ.பீ.சீ. இசைச் சஞ்சிகையின் ஆண்டுப் பரிசைப் பெற்றது.

1994இல், மைக்கல் ஆஞ்சலோவின் ஓவியங்கள் புதுப்பிக்கப்பட்டதையொட்டி, இக்குழு வத்திக்கானின் சிஸ்ரைன் சிற்றாலயத்தில் பாடியது. ஜொஸ்கின் பாப்பரசரின் பாடகராயிருந்த இடம் அது. பாடகர் மாடத்துச் சுவரில் அவர் பெயர் கீறப்பட்டுள்ளது. அவரே கீறியதென்று கருதுகின்றனர்.

இனி நமது வினாவுக்கு வருவோம். அக்காலத்துப் பூசையில் இப்பகுதிகளுக்கிடையே குருவானவரின் செபங்களும் வாசகங்களும் இருந்தன. மேடையில் அவை இல்லை. புகழ்ச்சிப் பகுதி முடிந்தவுடனேயே விசுவாச அறிக்கை தொடங்கிவிடுகிறது. இது இழப்புத்தான். ஆனால், செபத்தின் நடுவே கவனிக்கப்படாமற் போயிருக்கக்கூடிய இசைக்கட்டு முழுமையாகக் காதில் விழுவதும் இங்கேதான். பிலிப்ஸும் ஆலயத்தை ஒதுக்கிவிடவில்லை. 2008இல் ஒக்ஸ்போர்ட் மேர்ட்டன் கல்லூரியின் சிற்றாலயத்துக்குப் புதிய பாடகர் குழு அமைந்தபோது, அதனை உருவாக்கியோருள் அவரும் ஒருவர்.

நம்பிக்கையோடு கேட்பவருக்கு இது பிரார்த்தனை, மற்றவருக்கு இசை. ஏட்டிலே கிடந்தால் இருவருக்கும் அது வெறும் குறியீடே. குரல் கொடுத்தவனுக்கு இரு சாராரும் கடமைப்பட்டவர்கள்.